தலைக்குள் ஓடும் பாட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருடங்களாகப் பாட்டு சொல்லிக்கொடுத்து வருகிறேன். வகுப்பு முடிந்து பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது யாராவது ஒருவர் இந்தப் பேச்சை எடுப்பார். கேட்பது பத்து வயதுப் பிள்ளையாக இருக்கலாம், எழுபது வயதுப் பெரியவராகவும் இருக்கலாம். சிலர் சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள். சிலர் நிஜமாகவே பயந்துபோய், யாருக்கும் கேட்காத குரலில் கேட்கிறார்கள். அப்படிப் பயந்தவர்களுக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும் என்றுதான் இதைப் பற்றி வந்த ஆய்வுகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நான் மருத்துவர் இல்லை. மருத்துவரிடம் போக வேண்டிய இடம் எது என்பதைக் கடைசிப் பகுதியில் சொல்லியிருக்கிறேன். கேள்விகளை, கேட்டவர்கள் சொன்ன மாதிரியே எழுதியிருக்கிறேன்.

ஒரே பாட்டு மண்டைக்குள்ளயே ஓடிக்கிட்டு இருக்கு. இது என்ன? இதுக்குப் பேர் ஏதாவது இருக்கா?

வெளியில் எங்கும் இசை ஒலிக்காதபோது, நாம் கூப்பிடாமலேயே ஒரு பாட்டின் துண்டு மனத்துக்குள் வந்து, தானாகத் திரும்பத் திரும்ப ஓடுகிறது. இதற்கு ஜெர்மன் மொழியில் 'ஓர்வுர்ம்' என்று பெயர். அதையே ஆங்கிலத்தில் 'இயர்வார்ம்' என்றார்கள், தமிழில் சிலர் 'காதுப்புழு' என்று எழுதுகிறார்கள். பெயரைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். காதுக்குள் எதுவும் நுழையவில்லை, எல்லாம் நினைவில் நடப்பதுதான்.

அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரி ஆய்வாளர்கள் 2005-இல் ஒரு சோதனை செய்தார்கள். பாட்டுகளை ஓடவிட்டு, நடுநடுவே சில வினாடிகள் ஒலியை வெட்டிவிட்டு, அப்போது மூளையில் என்ன நடக்கிறது என்று ஸ்கேன் எடுத்தார்கள். தெரிந்த பாட்டு என்றால், அந்த மௌனத்திலும் மூளையின் கேட்கும் பகுதி வேலை செய்துகொண்டே இருந்தது. விட்ட இடத்தை மூளையே பாடி நிரப்பிக்கொண்டது. தலைக்குள் ஓடும் பாட்டும் இந்தத் திறமையிலிருந்துதான் பிறக்கிறது.

எனக்கு மட்டும்தான் இப்படி ஆகுதா?

இல்லை. பின்லாந்தில் லாஸி லீக்கனென் என்ற ஆய்வாளர் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் இணையம் வழியாகக் கேட்டுப் பார்த்தார். கிட்டத்தட்ட 10-இல் 9 பேர், வாரத்துக்கு ஒரு முறையாவது இப்படி ஆகிறது என்றார்கள். ஆகாதவர்கள்தான் குறைவு. அவர்களைப் பற்றியும் பின்னால் ஒரு கேள்வி இருக்கிறது.

முழுப் பாட்டும் வர மாட்டேங்குது. ரெண்டு வரி மட்டும் ஏன் சுத்திச் சுத்தி வருது?

நமக்கு ஒரு பாட்டு முழுக்க ஒரே அளவு தெரிவதில்லை. பல்லவி தலைகீழாகத் தெரியும். முதல் சரணம் முக்கால்வாசி. இரண்டாவது சரணத்தில் பாதி வார்த்தை 'ல ல லா'தான். பல்லவி பாட்டுக்குள்ளேயே பல முறை வருவதால் அதிகம் பதிவதும் அதுதான். மனம் தெரிந்த பாதையில் நடந்து போய், தெரியாத இடம் வந்ததும் முட்டி நின்று, மறுபடி ஆரம்பத்துக்கே வந்துவிடுகிறது. மாணவர்களை 'எங்கே திரும்புது?' என்று கவனிக்கச் சொல்வேன். பெரும்பாலும் வார்த்தையோ மெட்டோ சந்தேகமாக இருக்கும் இடத்தில்தான் திரும்புகிறது.

இதோடு சேர்த்து இன்னொரு விளக்கமும் சொல்வார்கள். முடிந்த வேலையைவிட, பாதியில் நின்ற வேலை மனத்தில் அதிகம் தங்குகிறது என்று ப்ளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர் 1927-இல் எழுதினார். பாதிப் பாட்டும் முடியாத வேலை மாதிரி மனத்தை இழுக்கிறது என்பது அந்த விளக்கம். பின்னால் செய்த சோதனைகள் எல்லாமே ஸைகார்னிக் சொன்னதோடு ஒத்துப்போகவில்லை. அதனால் இதை நான் பாதி நம்பிக்கையோடுதான் சொல்கிறேன். ஆனால் பாட்டை முடித்துவிடுவது நிறையப் பேருக்கு உதவுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நான் அந்தப் பாட்டைக் கேட்டே வருஷக்கணக்காச்சு. திடீர்னு எங்கேருந்து வந்துச்சு?

லண்டன் பல்கலைக்கழகத்தின் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் விக்டோரியா வில்லியம்சனும் அவருடைய குழுவினரும் நூற்றுக்கணக்கானவர்களின் அனுபவங்களைச் சேகரித்து 2012-இல் வெளியிட்டார்கள். பாட்டு வந்து ஒட்டும் சந்தர்ப்பங்களை அதில் வகை பிரித்திருக்கிறார்கள். சமீபத்தில் கேட்டது, அல்லது பல முறை கேட்டது என்பது முதல் காரணம். அப்புறம், ஏதோ ஒன்று நினைவைத் தொடுவது: ஒரு முகம், ஒரு சொல், ஓர் இடம். அப்புறம் மனநிலை. நான்காவது, கவனம் எதிலும் ஊன்றாமல் அலையும் நேரம்.

உங்கள் கேள்விக்கு இரண்டாவது காரணம்தான் பதிலாக இருக்கும். 'எதுவுமே இல்லை, சும்மா வந்தது' என்று சொல்பவர்களிடம் அதற்கு முந்தைய ஐந்து நிமிடங்களை மெதுவாகப் பின்னோக்கி ஓட்டிப் பார்க்கச் சொல்கிறேன். ஒரு மாணவி 'மழை' என்ற சொல் வரும் பழைய பாட்டு ஒன்று காலையிலிருந்து ஓடுவதாகச் சொன்னாள். யோசித்துப் பார்த்தால், காலையில் அவள் அம்மா 'குடை எடுத்துக்கோ' என்று சொல்லியிருக்கிறார். மழை என்ற வார்த்தையைக்கூட யாரும் உச்சரிக்கவில்லை! இந்த நூலைப் பிடித்துப் பின்னால் போய்ப் பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. எப்போதும் கிடைக்காது. கிடைக்கும்போது நம் நினைவு எவ்வளவு நுணுக்கமாகக் கோக்கப்பட்டிருக்கிறது என்று தெரியும்.

நடக்கும்போது, குளிக்கும்போது, பாத்திரம் கழுவும்போதுதான் அதிகமா வருது. அது ஏன்?

மேலே சொன்ன நான்காவது காரணம். கைக்கு வேலை இருக்கிறது, மனத்துக்கு இல்லை. காலியாக இருக்கும் அந்த இடத்தில் பாட்டு வந்து உட்கார்ந்துகொள்கிறது. நடை போன்ற சீரான அசைவு இருந்தால் தாளமும் சேர்ந்துகொள்ளும்.

சில பாட்டு மட்டும் ஏன் அப்படி ஒட்டிக்குது? மத்ததெல்லாம் வந்து போயிடுதே?

கெல்லி ஜக்குபோவ்ஸ்கி என்ற ஆய்வாளர் தம் குழுவோடு 3,000 பேரிடம் 'உங்களுக்கு ஒட்டிக்கொள்ளும் பாட்டு எது?' என்று கேட்டார். அதிகம் பேர் சொன்ன பாட்டுகளை, அதே அளவு புகழ் பெற்றும் யாரும் சொல்லாத பாட்டுகளோடு ஒப்பிட்டார். ஒட்டும் பாட்டுகளில் மூன்று குணங்கள் தெரிந்தன. கொஞ்சம் வேகமான நடை. மெட்டின் ஏற்ற இறக்கம் நமக்கு ஏற்கெனவே பழகிய வடிவத்தில் இருப்பது. முதல் அடி மேலே ஏறி, அடுத்த அடி கீழே இறங்குவது போல. மூன்றாவதாக, அந்தப் பழகிய வடிவத்துக்குள் எதிர்பாராத ஒரு தாவல், அல்லது வழக்கத்தைவிட அதிகமாக ஒரே சுரத்தின் அடுக்கல்.

பாட்டு வாத்தியாராக இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. முழுக்க எளிதாக இருந்தால் மனம் அதைப் பொருட்படுத்தாது. முழுக்கக் கடினமாக இருந்தால் பிடித்துக்கொள்ள முடியாது. பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடியும், நிமிர்ந்து பார்க்க வைக்கும் ஒரு திருப்பமும் சேர்ந்து இருக்க வேண்டும். விளம்பரப் பாட்டு போடுகிறவர்கள் இதைக் கைப்பழக்கத்தில் தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

எனக்குப் பிடிக்காத பாட்டுதான் வந்து உட்காருது. எப்பவுமே அப்படித்தான்!

அப்படித் தோன்றும். ஆனால் ஆய்வுகள் வேறு மாதிரி சொல்கின்றன. ஆண்ட்ரியா ஹால்பர்னும் ஐரா ஹைமனும் தனித்தனியாகச் செய்த ஆய்வுகளில், ஒட்டிய பாட்டுகளில் பெரும்பாலானவை அவரவருக்குப் பிடித்தவை. பிடித்த பாட்டு உள்ளே ஓடும்போது நாம் அதைத் தொந்தரவாகக் கணக்கில் எடுப்பதில்லை; கூடவே தலையாட்டிக்கொண்டு வேலையைப் பார்க்கிறோம். பிடிக்காதது ஓடினால்தான் எரிச்சல் வருகிறது, எரிச்சலோடு வந்தது நினைவில் நிற்கிறது. ஒரு வாரம் ஒரு சின்னத் தாளில் எழுதிவைத்துப் பாருங்கள்.

பக்கத்துல ஒருத்தர் முணுமுணுத்தா எனக்கும் வந்துடுது. இது தொத்துமா?

தொற்றும் என்றே சொல்லலாம். 'சமீபத்தில் கேட்டது' என்ற முதல் காரணத்தில் இதுவும் அடங்கும். இது ஒன்றும் செல்போன் வந்தபிறகு முளைத்ததும் இல்லை. ஒலிப்பதிவுக் கருவி வருவதற்கு முன்பே, 1876-இல், மார்க் ட்வைன் இதை வைத்து ஒரு கதை எழுதியிருக்கிறார். நாளிதழில் படித்த சில சந்த வரிகள் ஒருவர் மனத்தில் ஒட்டிக்கொள்கின்றன. அவர் அதைப் பாதிரியார் ஒருவரிடம் சொன்னதும், இவரை விட்டு அவரிடம் போய்விடுகின்றன. அடுத்தவரிடம் சொன்னால் நம்மை விட்டுவிடும் என்பது கதை. நிஜத்தில் இருவருக்கும் சேர்ந்தே ஓடும்.

பாடினவர் குரல்லயே, அதே சுருதியிலயே கேக்குற மாதிரி இருக்கு. நிஜமாவா, இல்ல எனக்கு அப்படித் தோணுதா?

நம்ப முடியாத அளவுக்கு நிஜம். 2024-இல் சாண்டா குரூஸ் நகரில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். 30 பேரிடம், எந்த நேரத்தில் பாட்டு ஒட்டியிருந்தாலும் அதை உடனே போனில் பாடிப் பதிவு செய்யச் சொன்னார்கள். அந்தப் பதிவுகளை மூலப் பாட்டோடு ஒப்பிட்டபோது, 44.7 சதவீதம் அச்சு அசலாக அதே சுருதியில் இருந்தன. கீபோர்டில் அடுத்த கட்டை வரை, அதாவது கறுப்பு வெள்ளை எல்லாம் சேர்த்து ஒரே ஒரு கட்டை தள்ளிப் போனவற்றையும் சேர்த்தால் 68.9 சதவீதம். அவர்கள் தேர்ந்த பாடகர்கள் இல்லை.

வேகமும் அப்படித்தான். மணிக்கட்டில் அசைவை அளக்கும் கருவியைக் கட்டிக்கொண்டு, தலைக்குள் ஓடும் பாட்டுக்குத் தாளம் தட்டச் சொன்ன ஓர் ஆய்வு உண்டு. தட்டிய வேகம் பெரும்பாலும் அசல் பாட்டின் வேகத்தை ஒட்டியே இருந்தது. 'எனக்குச் சுருதி ஞானமே இல்லை சார்' என்று தயங்குகிறவர்களிடம் இதைத்தான் எடுத்துச் சொல்கிறேன். சுருதி உள்ளே இருக்கிறது. தொண்டைக்குக் கொண்டுவரத்தான் பயிற்சி.

நிறுத்தணும்னு நினைச்சா இன்னும் சத்தமா ஓடுதே?

ஓடத்தான் செய்யும். டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987-இல், சிலரிடம் வெள்ளைக் கரடியைப் பற்றி நினைக்காதீர்கள், நினைத்தால் மணியடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு 'இப்போது நினைக்கலாம்' என்று சொன்னதும், ஆரம்பத்திலிருந்தே நினைக்கச் சொன்னவர்களைவிட இவர்களுக்கு அந்தக் கரடி அதிகமாக வந்தது. ஒன்றை நினைக்கவில்லை என்று சரிபார்ப்பதற்கே அதை நினைக்க வேண்டியிருக்கிறது. பாட்டும் அந்தக் கரடி மாதிரிதான். 'போச்சா, போச்சா' என்று எட்டிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் நாமே மறுபடி ஓட வைக்கிறோம்.

சரி, அப்போ என்னதான் பண்றது?

இத்தனை கேள்விகளில் நான் அதிக அக்கறையோடு பதில் சொல்வது இதற்குத்தான். முதல் வழி, அதோடு சண்டை போடாமல் இருப்பது. 'ஓடுது, ஓடட்டும்' என்று விட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். சும்மா இருப்பது மாதிரித் தெரிந்தாலும் இது நிஜமான வழி. பிலிப் பீமனும் டிம் வில்லியம்ஸும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், அடக்கப் பார்த்தவர்களுக்குப் பாட்டு நீண்டது. விட்டுவிட்டவர்களுக்குச் சீக்கிரம் போனது.

இரண்டாவது, முழுப் பாட்டையும் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை கவனித்துக் கேளுங்கள். கடைசி இடையிசை ஓய்ந்து முடியும் வரை. முக்கியமாக, எந்த இடத்தில் திரும்பி வருகிறதோ அந்த இடத்தின் வார்த்தையைத் தெரிந்துகொள்ளுங்கள். பத்துத் தடவை போட்டுக் கேட்காதீர்கள். அது 'பல முறை கேட்டது' என்ற முதல் காரணத்தை நாமே உண்டாக்குவது. ஒரு தடவை போதும்.

மூன்றாவது, சொற்களோடு சம்பந்தப்பட்ட ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல நாவல், குறுக்கெழுத்து, யாரிடமாவது பேச்சு. ஐரா ஹைமனின் குழு 2013-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வேலை மிக எளிதாக இருந்தாலும் பாட்டு திரும்பி வருகிறது, மிகக் கடினமாக இருந்தாலும் மனம் கைவிட்டு அலையும்போது திரும்பி வருகிறது. கொஞ்சம் முயன்றால் முடியும் என்ற அளவு வேலைதான் பிடித்து நிறுத்துகிறது. நான்காவது, இன்னொரு பாட்டைப் போட்டு இதை வெளியேற்றுவது. பிரிட்டனில் கேட்டபோது சிலர் தங்கள் தேசிய கீதத்தை அதற்கு வைத்திருப்பதாகச் சொன்னார்கள். நிதானமான நடையும் தெளிவான முடிவும் உள்ள பாட்டாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் புதிதாக வந்தது உட்கார்ந்துவிடும்.

சூயிங்கம் மென்னா போயிடும்னு எங்கேயோ படிச்சேன். உண்மையா?

ஓரளவு உண்மை. இங்கிலாந்தில் ரீடிங் பல்கலைக்கழகத்தில் 2015-இல் சோதித்தார்கள். ஒட்டும் பாட்டு ஒன்றைக் கேட்க வைத்துவிட்டு, சிலரைச் சூயிங்கம் மெல்லச் சொன்னார்கள். மென்றவர்களுக்கு அந்தப் பாட்டு குறைவாகவே வந்தது. சும்மா விரலைத் தட்டியவர்களுக்கு அந்த அளவு குறையவில்லை. ஆக, ஏதோ அசைவு இருந்தால் போதும் என்பதில்லை, வாய் அசைய வேண்டும்.

காரணம் அழகானது. ஒரு போன் நம்பரை மறக்காமல் இருக்க வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு போவோம் இல்லையா? மனத்துக்குள் பாட்டு ஓடும்போதும், சத்தம் வராமல் நாமே பாடிக்கொண்டுதான் இருக்கிறோம். தாடையையும் நாக்கையும் வேறு வேலையில் போட்டுவிட்டால் உள்ளே பாடுவதற்குத் தடையாகிறது. சூயிங்கம் இல்லாவிட்டால் ஒரு பத்தியை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். அதே தத்துவம்தான்.

பரீட்சை ஹால்ல வந்துடுச்சு. அங்கே பாட்டும் கேக்க முடியாது, படிக்கவும் முடியாது. என்ன செய்யலாம்?

முதலில், பதற வேண்டாம். பதற்றமே 'மனநிலை' என்ற வகையில் பாட்டைக் கூப்பிடும் ஒரு காரணம். கேள்வித்தாளில் உங்களுக்கு நடுத்தரக் கடினமாக உள்ள ஒரு கேள்வியை எடுத்து, உதடு மட்டும் அசைய, சத்தம் வராமல் வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள். மேலே சொன்ன இரண்டு விஷயங்களும் இதில் சேர்ந்துவிடுகின்றன: அளவான வேலை, அசையும் வாய். ரொம்பக் கடினமான கேள்வியை அந்த நேரத்தில் தொடாதீர்கள். பரீட்சைக்குக் கிளம்பும் வழியில் காதில் பாட்டு போட்டுக்கொண்டு போகும் பழக்கத்தை அந்த ஒரு வாரம் விட்டுவிடுவது நல்லது.

படுத்த உடனே ஆரம்பிச்சுடுது. வார்த்தை இல்லாத இசை கேட்டா தூக்கம் வரும்னாங்க. அதைக் கேட்டா இன்னும் மோசமா இருக்கு!

நீங்கள் சொல்வது சரிதான், அது உங்கள் கற்பனை இல்லை. பேய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கல்லின் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வகத்தில் 50 பேரைப் படுக்கப் போகும் முன் பாட்டுக் கேட்க வைத்தார்கள். சிலருக்குப் பிரபலமான பாட்டு அப்படியே, சிலருக்கு அதே பாட்டு வார்த்தை இல்லாமல் வாத்திய இசையாக மட்டும். வார்த்தை இல்லாததைக் கேட்டவர்களுக்குத்தான் பாட்டு அதிகம் ஒட்டியது, தூக்கமும் கெட்டது. தெரிந்த பாட்டில் வார்த்தையை எடுத்துவிட்டால் மூளை அந்த இடத்தைத் தானே நிரப்பப் பார்க்கிறது என்று நான் புரிந்துகொள்கிறேன். முதல் பதிலில் சொன்ன மௌனச் சோதனையை நினைத்துப் பாருங்கள். பாட்டு ஒட்டியவர்கள் நடு இரவில் விழித்தபோதும் அது ஓடிக்கொண்டிருந்தது என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது.

அதனால், தூங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தெரிந்த பாட்டுகளை நிறுத்திவிடுங்கள். இதே ஸ்கல்லின் சொல்லும் இன்னொரு யோசனை, படுக்கும் முன் 5 நிமிடம் நாளைக்குச் செய்ய வேண்டிய வேலைகளைத் தாளில் எழுதுவது. அப்படி எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சீக்கிரம் தூங்கிப்போனார்கள். என் மாணவர்களில் சிலருக்கு இது நன்றாகவே கைகொடுத்திருக்கிறது.

பாட்டு கத்துக்க ஆரம்பிச்சதுலேருந்து ரொம்ப அதிகமாயிடுச்சு. கிளாஸை விட்டுடட்டுமா?

தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். இசையில் அதிகம் புழங்குகிறவர்களுக்கு இது அதிகம் வருகிறது என்பது பின்லாந்து ஆய்விலேயே தெரிந்த விஷயம். தினமும் ஒரே வரியை இருபது தடவை பாடுகிறோம். ஒட்டாமல் என்ன செய்யும்? பயிற்சி முடிக்கும்போது, கடினமான துண்டோடு நிறுத்தாமல், பாட்டை ஒரு முறை முழுதாகப் பாடி முடித்துவிட்டு எழுந்திருங்கள். முன்பு சொன்ன இரண்டாவது வழி இங்கே தினசரிப் பழக்கமாகிவிடும்.

இதனால நல்லது ஏதாவது உண்டா?

உண்டு. டேவிஸ் நகரில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பெஞ்சமின் கூபிட், பீட்டர் ஜனாட்டா இருவரும் புதிய மெட்டுகளைச் சிலருக்குப் பழக்கி, பிறகு அதே மெட்டுகளை அறிமுகமில்லாத படக்காட்சிகளோடு சேர்த்துக் காட்டினார்கள். சில நாள், சில வாரம் கழித்துக் கேட்டபோது, எவருக்கு அந்த மெட்டு தலைக்குள் அதிகம் ஓடியதோ, அவருக்கு மெட்டு மட்டுமல்ல, கூட வந்த காட்சியும் அதிக விவரத்தோடு நினைவிருந்தது. பழைய பாட்டு ஒன்று கேட்டதும் அந்தக் காலத்து வீடும் வெளிச்சமும் ஆட்களும் திரண்டு வருவது நம் எல்லோருக்கும் தெரியும். அதற்கான நூலை, பாட்டு உள்ளே ஓடும்போதே மனம் முறுக்கி வைக்கிறது.

அப்படின்னா, தப்பா கத்துக்கிட்ட மெட்டு ஓடினா தப்புதானே பலமாகும்?

இது ஒரு மாணவர் கேட்டு என்னைக் கொஞ்ச நேரம் யோசிக்க வைத்த கேள்வி. ஆம், வகுப்பில் நான் பார்ப்பது அதுதான். திங்கட்கிழமை ஒரு சங்கதியை, அதாவது ஒரே வரியை மெருகேற்றி மாற்றிப் பாடும் வடிவத்தை, கொஞ்சம் தப்பாகப் பிடித்தவர், வியாழக்கிழமை அதை உறுதியாகத் தப்பாகப் பாடுவார். நடுவில் வாயைத் திறந்திருக்க மாட்டார். உள்ளே ஓடிய பாட்டுதான் பயிற்சி செய்திருக்கிறது. அதனால் புதுப் பாட்டு சொல்லிக்கொடுத்த அன்றே, சரியான வடிவத்தைப் போனில் பதிவு செய்து அனுப்பிவிடுகிறேன். உள்ளே எது ஓடும் என்பதை அன்று இரவே தீர்மானித்துவிட வேண்டும்.

என் வீட்டுக்காரருக்கு எந்தப் பாட்டும் தலைக்குள்ள ஓடாதாம். பொய்தானே சொல்றார்?

பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. மனக்கண்ணில் உருவம் தெரியாதவர்கள் இருப்பது போல, மனத்துக்குள் ஒலியே கேட்காதவர்களும் இருக்கிறார்கள். ஆக்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் இதற்கு 'அனவுரேலியா' என்று பெயர் வைத்தார்கள். அவருக்கு உங்கள் அனுபவம் எவ்வளவு புதிரோ, உங்களுக்கு அவருடையது அவ்வளவு புதிர். ஒரு நாள் உட்கார்ந்து இதைப் பற்றியே பேசிப் பாருங்கள்.

ஒரு வாரமா ஒரே பாட்டு. இது ஏதாவது மனநோயா?

பாட்டு ஓடுவது மட்டும் நோய் இல்லை. அன்றாட வேலை நடக்கிறதா, தூங்குகிறீர்களா, சாப்பிடுகிறீர்களா என்று பாருங்கள். நடக்கிறது என்றால், எரிச்சலாக இருந்தாலும் பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் பாட்டு நிற்காததால் வேலையே செய்ய முடியவில்லை, அதை நிறுத்துவதற்காகக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஏதாவது செய்தே தீர வேண்டியிருக்கிறது, பாட்டு வந்துவிடுமோ என்று இசை கேட்கும் இடங்களுக்கே போக மறுக்கிறீர்கள் என்றால், மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். எண்ணச் சுழற்சி நோய் (ஓ.சி.டி.) சிலரிடம் பாட்டு வடிவில் வருவது உண்டு, அதற்குச் சிகிச்சையும் உண்டு. 'ஒரு பாட்டுக்காகவா டாக்டர்கிட்ட போறது' என்று தயங்கியே மாதக்கணக்கில் தவித்த ஒருவரை எனக்குத் தெரியும். தயங்காதீர்கள்.

எங்க அம்மாவுக்குப் பாட்டு வெளியேருந்து கேக்குதாம். ரேடியோவை நிறுத்துங்கிறாங்க. வீட்டுல ரேடியோவே ஓடலை.

இது வேறு விஷயம். இதுவரை சொன்ன எல்லாவற்றிலும், பாட்டு தன் மனத்துக்குள்தான் ஓடுகிறது என்று அந்த ஆளுக்குத் தெரியும். வெளியிலிருந்து நிஜமாகவே ஒலிப்பதாகக் கேட்டால் அதற்கு இசை மாயஒலி என்று பெயர். வயதானவர்களிடம், அதுவும் காது மந்தமானவர்களிடம் இது அதிகம். வெளியிலிருந்து வரும் ஒலி குறைந்ததும், கேட்கும் பகுதி தன்னிடம் இருக்கும் பழைய சேமிப்பை எடுத்து ஒலிக்கவிடுகிறது.

அம்மாவிடம் 'அப்படி எதுவும் கேக்கலை, சும்மா இரும்மா' என்று சொல்லாதீர்கள். அவருக்குக் கேட்பது நிஜம். பயப்படாமல் சொல்லச் சொல்லுங்கள், என்ன பாட்டு என்று கேளுங்கள். முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செவித்திறன் பரிசோதனை. காது கேட்கும் கருவி போட்டதும் குறைந்தவர்கள் உண்டு. சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் எடுத்துப் போங்கள், சில மருந்துகளாலும் இப்படி வரலாம். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். பாட்டோடு நினைவு தப்புதல், வெறித்துப் பார்த்தல், கை கால் இழுத்தல், குழப்பமான பேச்சு இருந்தால் நாள் கடத்தாமல் நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். அபூர்வமாக வலிப்பு நோயும் இப்படி ஆரம்பிக்கும்.

பாட்டு நின்னுட்டா வெறிச்சுனு இருக்கு. வேணும்னே ஒண்ணை வரவழைக்க முடியுமா?

முடியும். ஒட்டாமல் இருக்கச் சொன்ன அத்தனையையும் திருப்பிச் செய்யுங்கள். பிடித்த பாட்டை இரண்டு மூன்று தடவை அடுத்தடுத்துக் கேளுங்கள், கூடவே பாடுங்கள், பல்லவியில் நிறுத்திவிட்டு, மனம் தேவைப்படாத ஒரு வேலைக்கு எழுந்து போங்கள். துணி மடிக்கலாம், நடக்கலாம். வந்துவிட்டதா என்று எட்டிப் பார்க்க வேண்டாம். சில நிமிடங்களில் கால் தானாகத் தாளம் போட ஆரம்பித்திருக்கும்.